அன்பளிப்பாக வந்த பேனாத் தொகுப்பு: விற்பதற்கு முன் எதைப் பார்ப்பது, என்ன விலை சொல்வது?

வடக்குக்கரை (பட்டர்வொர்த்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் தலைமைக் கிராணியாக (எழுத்தராக) இருந்து 1996-இல் ஓய்வு பெற்றவர். அன்பளிப்பாகக் கிடைத்த பேனாக்கள் சிலவற்றை இத்தனை ஆண்டுகளாக அலமாரியிலேயே வைத்திருந்தார். கை நடுங்குவதால் இனி எழுத முடியாது என்றும், விற்று வரும் பணத்தைப் பேத்தியின் படிப்புக்குக் கொடுத்துவிடு என்றும் அவரே சொன்னதால் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

கறுப்புத் தோல் பெட்டி ஒன்றில் மை ஊற்றும் பேனா, பந்துமுனைப் பேனா, பென்சில் என மூன்று இருக்கின்றன. மூன்றும் கறுப்பு உடலும் தங்க நிற வளையங்களும் தலையில் வெள்ளை நட்சத்திரமும் கொண்டவை. மோன்ட்பிளாங்க் என்று எழுதியிருக்கிறது. வேறொரு சிறு பெட்டியில் பொன்னிறக் கிராஸ் பேனாவும் பென்சிலும் ஜோடியாக உள்ளன. இவை தவிர, எஃகு உடலும் தங்க நிறக் கிளிப்பும் கொண்ட பார்க்கர் பேனா ஒன்றும் உண்டு.

பழம்பொருள் வாங்கும் ஒருவர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொன்னார். நகைக்கடையில் தங்கம் எவ்வளவு தேறும் என்று மட்டும் கேட்டார்கள். கேரோசல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் பார்த்தால் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் பேனாவை ஒருவர் ஐம்பது ரிங்கிட்டுக்கும் இன்னொருவர் ஆயிரத்துக்கு மேலும் போட்டிருக்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நீலக்கறுப்பு (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம். விலையைப் பற்றி இப்போது யாரிடமும் பேசாதீர்கள். மொத்தமாக ஒரு விலை சொல்கிறவர், உள்ளே இருப்பதில் மிகச் சிறந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கும் சேர்த்து அந்த ஒன்றின் விலையைக்கூடத் தராமல் போகிறவராகவே பெரும்பாலும் இருப்பார். முதலில் ஒவ்வொரு பேனாவும் என்ன, எந்தக் காலத்தது, உண்மையானதா என்று தனித்தனியே தெரிய வேண்டும்.

அதுவரை எதையும் மெருகேற்றாதீர்கள். உலோகம் துலக்கும் பசையோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால், கிராஸ் பேனாவின் மேலுள்ள மெல்லிய தங்கப் போர்வை தேய்ந்துவிடும்; எழுத்துப் பொறிப்புகளும் மழுங்கும். மை ஊற்றும் பேனாவின் நிப்பில் பழைய மை காய்ந்திருந்தால் குளிர்ந்த தண்ணீரில் நிப்புப் பகுதியை மட்டும் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கரைத்தெடுங்கள். வெந்நீரும் சாராயம் கலந்த திரவங்களும் கூடவே கூடாது. திருகு இறுகியிருந்தால் குறடு போட்டுத் திறக்காதீர்கள்.

இனி மோன்ட்பிளாங்க். நகைக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கி ஒன்றை இரவல் வாங்கி, நல்ல வெளிச்சத்தில் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

கிளிப் மூடியோடு சேரும் இடத்தில் ஒரு குறுகிய வளையம் இருக்கும். அதில் நாட்டின் பெயரும், இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசை எண்ணும் உண்டா? 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைவதற்கு முந்தைய பேனாக்களில் மேற்கு ஜெர்மனியைக் குறிக்கும் ‘டபிள்யூ’ எழுத்து காணப்படுவது உண்டு. வரிசை எண் பொறிப்பது 1990-களின் தொடக்கத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே எண் இல்லாத பழைய பேனாவைப் போலி என்று சொல்லக் கூடாது. எண் இருப்பதாலேயே அசல் என்று நம்பவும் கூடாது, ஏனெனில் போலி செய்கிறவர்கள் ஒரே எண்ணை ஆயிரக்கணக்கான பேனாக்களில் அடித்துத் தள்ளுகிறார்கள்.

மூடியின் நடு வளையத்தில் ‘மோன்ட்பிளாங்க் மைஸ்டர்ஷ்டுக்’ என்று இருக்கும். 1924-இல் தொடங்கிய வரிசையின் பெயர் அது. அதிலுள்ள ‘யு’ எழுத்தின் தலைமேல் இரு புள்ளிகள் இருக்க வேண்டும். மலிவான போலிகளில் அவை விடுபட்டுப்போவதுண்டு. பழையவற்றில் மாதிரி எண்ணும் சேர்ந்து வரும். கிளிப்பின் அடிப்பக்கத்தில் ‘பிக்ஸ்’ என்ற பொறிப்பு உண்டா என்றும் பாருங்கள். அது 1990-களின் பிற்பகுதியில் வந்தது.

தலையிலுள்ள நட்சத்திரம் ஆறு வட்ட முனைகளோடு கறுப்புக்குள் பதிந்ததாக, விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். மேலே பூசியதாகவோ ஒட்டியதாகவோ இருக்கக் கூடாது. கைப்பேசி விளக்கை உடலின் பின்னால் பிடித்தால் உடலைச் செய்த அசல் பிசின் வகை நெகிழியில் ஆழ்ந்த சிவப்பு ஒளி கசியும். இதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், ஆனால் ஒளியே கசியாத பேனா என்றால் என் சந்தேகம் கூடும்.

நிப்பில் 4810 என்ற எண் இருக்கும், அது மோன்ட்பிளாங்க் மலையின் உயரமாக மரபில் சொல்லப்படும் மீட்டர் கணக்கு. அதோடு 14 கேரட்டுக்கான 585 அல்லது 18 கேரட்டுக்கான 750 இருக்கும். மூடி இழுத்தால் கழல்கிறதா, திருகினால் கழல்கிறதா என்பதையும் சொல்லுங்கள். இழுத்துக் கழற்றுவது 144, திருகுவது 145; இரண்டும் மைக்குழாய் போடுகிறவை. உடலின் வால்பகுதியைத் திருப்பி நேரடியாக மை உறிஞ்சினால் அது பெரிய 146 அல்லது 149, விலையும் வேறு.

உரைகல் (ஈப்போ, இப்போது கிள்ளான்) எழுதியது:

நகைத் தொழிலில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் தங்கக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த இடத்தில்தான் குடும்பங்கள் மிகவும் ஏமாறுகின்றன.

கிராஸ் பேனாவில் ‘1/20 12 கேரட்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், அது முழுத் தங்கமும் அன்று, வெறும் முலாமும் அன்று. பித்தளை போன்ற அடி உலோகத்தின் மேல் தங்கத் தகட்டைப் போர்த்தி இழுத்தது. அந்த உலோகத்தின் எடையில் இருபதில் ஒரு பங்கு 12 கேரட் தங்கம்; 12 கேரட் என்றால் அதில் பாதிதான் சுத்தத் தங்கம். ஆக நாற்பதில் ஒரு பங்கு. இருபது கிராம் உலோகம் என்று வைத்துக்கொண்டாலும் அரை கிராம்தான் தேறும், அதையும் பிரித்தெடுக்கச் செலவு உண்டு. உள்ளிருக்கும் இயந்திரப் பகுதியையும் மைக்குச்சியையும் கழித்தால் இன்னும் குறையும். 10 கேரட் என்று இருந்தால் அதைவிடச் சற்றுக் குறைவு.

மோன்ட்பிளாங்கின் நிப்பு உண்மையான தங்கம்தான், ஆனால் இந்தச் சிறிய அளவு நிப்பு ஒரு கிராமுக்கும் குறைவான எடை. அதைக் கழற்றி உருக்குகிறவர் ஒரு நல்ல பேனாவைக் கொன்றவர். அடகுக்கடையும் நகைக்கடையும் உங்களுக்கு உரிய இடங்கள் அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் வாசி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கோலாலம்பூருக்கு ஒரு நாள் வந்து மோன்ட்பிளாங்க் கடையிலேயே கொடுத்தால் அசலா போலியா என்றும் என்ன விலை என்றும் சொல்லிவிடுவார்களே.

நீலக்கறுப்பு எழுதியது:

நிறுவனக் கடை பழைய பேனாவின் சந்தை விலையை மதிப்பிட்டுச் சான்று தரும் இடம் அன்று. புதியதை விற்பதும் பழுது பார்க்க ஏற்றுக்கொள்வதும் அவர்கள் வேலை. பழுது பார்க்கக் கொடுத்தால் போலியானதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மறைமுகமான சோதனைதான், ஆனால் அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. விற்கும் முன் பழுது பார்த்த செலவு விலையில் முழுதாகத் திரும்பி வருவதை நான் அதிகம் கண்டதில்லை. வாங்குகிற சேகரிப்பாளருக்கு உள்ளது உள்ளபடி இருப்பதுதான் பிடிக்கும்.

வடக்குக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. உருப்பெருக்கியில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

பந்துமுனைப் பேனாவிலும் பென்சிலிலும் கிளிப் வளையத்தில் ‘ஜெர்மனி’ என்றும் வரிசை எண்ணும் உள்ளன; இரண்டின் எண்களும் வேறு வேறு. கிளிப்பின் அடியில் எந்தப் பொறிப்பும் இல்லை. புள்ளிகள் சரியாக உள்ளன, விளக்கில் சிவப்பு தெரிகிறது. மை ஊற்றும் பேனாவின் மூடி இழுத்தால் கழல்கிறது. அதன் கிளிப் வளையத்தில் ‘டபிள்யூ ஜெர்மனி’ என்று இருக்கிறது, எண் இல்லை. நடு வளையத்தில் 144 என்ற எண் இருக்கிறது. நிப்பில் 4810, 585 இரண்டும் தெரிகின்றன. மூடியின் வாயருகே மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. கீறலா வெடிப்பா என்று தெரியவில்லை.

கிராஸ் ஜோடியில் ‘1/20 12 கேரட்’ என்றும் அயர்லாந்தில் செய்யப்பட்டதாகவும் உள்ளது. பேனாவின் உடலில் அப்பாவின் பெயர் பொறித்திருக்கிறது. பார்க்கரில் ‘சோனட்’ என்று பெட்டித்தாளில் உள்ளது. மூடி வளையத்தில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும் அதனருகே இரண்டு செங்குத்துக் கோடுகளும் இருக்கின்றன.

எண்கள் வேறு வேறாக இருப்பதால் தொகுப்பு கலைந்தது என்று பொருளா?

நீலக்கறுப்பு எழுதியது:

எண்கள் வேறாக இருப்பது இயல்புதான். ஒவ்வொரு பேனாவுக்கும் தனி எண்ணே கொடுப்பார்கள். தொகுப்பு கலைந்தது என்பதற்கு வேறு சான்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

பந்துமுனைப் பேனா (மாதிரி எண் 164) வரிசை எண் பொறிக்கத் தொடங்கிய பின்னரும், கிளிப்பின் அடியில் ‘பிக்ஸ்’ வருவதற்கு முன்னரும் செய்யப்பட்டது. பென்சிலும் (165) அப்படியே. இரண்டும் 1990-களின் முற்பகுதியிலிருந்து நடுப்பகுதிக்குள் விழுகின்றன, உங்கள் தந்தையார் ஓய்வு பெற்ற 1996-க்கு அழகாகப் பொருந்துகின்றன. மை ஊற்றும் பேனாவோ மேற்கு ஜெர்மனிக் காலத்தது. 1996-இல் ஒரு நிறுவனம் கடையில் புதிதாக மூன்றையும் சேர்த்து வாங்கியிருந்தால், அதில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழைய பேனா ஒன்று கலந்திருப்பது அரிது. கடையில் தேங்கிய சரக்காக இருக்கலாம் என்று வாதிடலாம். ஆனாலும் அந்தப் பேனா வேறொரு வழியில் வந்து இந்தப் பெட்டியில் குடியேறியது என்றே நான் நினைக்கிறேன். தந்தையாரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூடியின் வாயருகே உள்ள கோட்டை மிகக் கவனமாகப் பாருங்கள். 144-இல் மூடியின் விளிம்பு வெடிப்பது எல்லோரும் அறிந்த குறை, ஏனெனில் ஒவ்வொரு முறையும் மூடி அழுத்தி ஏறி இழுத்து இறங்குகிறது. நகம் அதில் தட்டினால் வெடிப்பு. தட்டாவிட்டால் பெரும்பாலும் மேற்கீறல். வெடிப்பு என்றால் விலை கணிசமாக இறங்கும், அதை மறைத்து விற்றால் பேனா திரும்பி வரும்.

ஆயர் ஈத்தாம் எழுதியது:

பார்க்கரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். சோனட் 1993-இல் அறிமுகமானது. அதன் மூடி வளையத்திலுள்ள எழுத்தும் கோடுகளும் செய்த காலத்தைச் சொல்லும் குறியீடு. ‘குவாலிட்டி பென்’ என்பதன் பத்து ஆங்கில எழுத்துகளுக்கும் பூச்சியம் முதல் ஒன்பது வரை வரிசையாக எண் கொடுத்தால், ஆறாவதாக வரும் ‘டி’ ஐந்தாகிறது. அதாவது ஆண்டின் கடைசி இலக்கம் 5. கோடுகள் காலாண்டைக் காட்டும்: மூன்று கோடு முதற்காலாண்டு, இரண்டு இரண்டாவது, ஒன்று மூன்றாவது, கோடே இல்லாவிட்டால் நான்காவது.

குறியீடு பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1995 அல்லது 2005 அல்லது 2015 என்று மூன்று வாய்ப்புகள். உங்கள் தந்தையார் 1996-இல் பெற்றது உறுதியானால் 1995-இன் இரண்டாம் காலாண்டு என்று வந்துவிடும். சோனட்டில் போலிகள் மிகுதி, ஆனால் அவை சந்தையை நிறைத்தது 2000-க்குப் பிறகு. ஓய்வு விழாவில் எடுத்த புகைப்படமோ தேதியிட்ட வாழ்த்து அட்டையோ இருந்தால் இங்கே அது நல்ல துணைச் சான்று. நிப்பில் 750 என்றிருந்தால் 18 கேரட் தங்கம். எண் ஏதும் இல்லாவிட்டால் தங்க முலாம் பூசிய எஃகு. இரண்டுக்கும் விலையில் நல்ல இடைவெளி உண்டு.

இன்னொன்று. பினாங்கின் ஈரக்காற்றில் தோல் பெட்டி பூஞ்சணம் பிடித்திருக்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். பேனாக்களை அந்தப் பெட்டியில் மீண்டும் அடைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வேறொரு டப்பாவில் வைத்திருங்கள்.

வடக்குக்கரை எழுதியது:

அப்பாவிடம் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, மை ஊற்றும் பேனா ஓய்வு விழாவில் வந்ததே இல்லை என்றார். 1980-களின் இறுதியில் ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் தம் மேசையிலிருந்த பேனாவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பின்னாளில் பெட்டி கிடைத்தபோது நடுக்குழியில் அப்போதே வேறு ஏதும் இல்லை, இது சரியாகப் பொருந்தியது என்பதால் அதில் வைத்தாராம். நீலக்கறுப்பு ஐயா வளையத்தைப் பார்த்தே இதைச் சொன்னது அவருக்கு மிகுந்த வியப்பு.

கோட்டில் நகம் தட்டுகிறது. வெடிப்புதான். சோனட்டின் நிப்பில் 750 இருக்கிறது, விழாவின் புகைப்படமும் தேதியோடு கிடைத்தது.

பிரிக்பீல்ட்ஸ் வாசி எழுதியது:

அப்படியானாலும் மூன்றையும் ஒரே தொகுப்பாகப் போட்டால்தானே எடுப்பாக இருக்கும்? பெட்டியைப் பார்த்தாலே வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுப்பார். எந்த ஆண்டு என்று யார் கேட்கப் போகிறார்கள்?

நீலக்கறுப்பு எழுதியது:

கேட்கிறவர்தான் நல்ல விலை கொடுக்கிறவர். தொகுப்புக்குக் கூடுதல் விலை கிடைப்பது ஒரே காலத்தில் ஒன்றாக விற்கப்பட்டதற்கான தடயம் இருக்கும்போதுதான். இங்கே தொகுப்பு என்று சொன்னால் அறிந்தவர் விலகுவார், அறியாதவர் வாங்கிவிட்டுப் பின்னர் சண்டைக்கு வருவார். பந்துமுனையும் பென்சிலும் ஒரு ஜோடி. அவற்றைப் பெட்டியோடு சேர்த்து விற்கலாம். மை ஊற்றும் பேனாவைத் தனியாக, வெடிப்பின் படத்தோடு, மேலாளர் கொடுத்த வரலாற்றை இரண்டே வரியில் சொல்லி விற்கலாம். அந்த வரலாறு விலையைப் பெரிதாக ஏற்றாது, ஆனால் பேனா எங்கிருந்து வந்தது என்ற ஐயத்தைத் தீர்க்கும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். இவற்றில் எதுவும் குறைந்த எண்ணிக்கையில் வந்த பதிப்பு அன்று. 1992-இல் வந்த ஹெமிங்வே போன்ற எழுத்தாளர் வரிசைப் பேனாக்களின் விலையைப் பார்த்துவிட்டு, வெள்ளை நட்சத்திரம் உள்ளதெல்லாம் அப்படி விலைபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். 164 இன்றும் உற்பத்தியில் உள்ள வடிவம். பழையது சந்தையில் ஏராளம். பென்சிலைத் தேடுகிறவர்கள் குறைவு.

உரைகல் எழுதியது:

கிராஸ் பேனாவில் பெயர் பொறித்திருப்பதைத் தேய்த்து அழிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தகடு மெல்லியது, பெயர் போகும்போது தங்கமும் போய் அடி உலோகம் பல்லிளிக்கும். அந்த ஜோடிக்குப் பெயரோடு கிடைக்கும் விலை சிறியது. என் கருத்தில் அதைப் பேத்திக்கே கொடுத்துவிடுவது நல்லது. கிராஸ் மைக்குச்சி இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

வடக்குக்கரை எழுதியது:

அப்பாவும் அதைத்தான் சொன்னார். சரி, மற்றவற்றுக்கு எண்ணாக ஒரு விலையை எப்படி அடைவது?

நீலக்கறுப்பு எழுதியது:

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்கப்பட்டவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதில் அதே மாதிரி எண், அதே காலம், அதே நிலை உள்ளவற்றை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கி, நடுவில் திரள்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். 144-க்கு வெடிப்புள்ளவற்றை மட்டுமே ஒப்பிடுங்கள். பிறகு ரிங்கிட்டுக்கு மாற்றி, அந்த விற்பனையாளர் கட்டிய தளக் கட்டணத்தையும் அஞ்சல் செலவையும் கழித்தால் அவர் கையில் நின்றது தெரியும். உள்ளூரில் நேரில் கைமாற்றும்போது நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தொகைக்கும் வெளிநாட்டு வாங்குநர் மொத்தமாகக் கொடுத்த தொகைக்கும் இடையில் ஏதோ ஓர் இடம். இருவருக்கும் ஆதாயம் இருக்கும் இடம் அதுவே.

கேரோசலில் காணும் விலைகள் விற்பவரின் ஆசையைத்தான் காட்டும். ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று பொருள். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதிக் கடைகளிலும் காட்டலாம், ஆனால் அங்கே வாங்குகிறவர் மீண்டும் விற்பதற்காக வாங்குகிறார். உங்கள் நடுவிலையை அவர் தர முடியாது. அவசரமில்லை என்றால் நேரடியாக எழுதுகிறவருக்கே விற்றுவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் எழுதியது:

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிப் வளையம், நடு வளையம், நிப்பின் இரு பக்கங்கள், நட்சத்திரம், வெடிப்பு என ஒவ்வொன்றையும் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் நெருங்கி எடுங்கள். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் படமும் எண்ணும் வேறொருவரின் போலி விளம்பரத்தில் தோன்றும். நிப்பு எழுதுகிறதா என்று காட்ட வேண்டுமென்றால் மையில் லேசாகத் தொட்டு ஒரு வரி எழுதிக் கழுவினால் போதும், மைக்குழாயை நிரப்ப வேண்டாம்.

நேரில் கொடுப்பதென்றால் பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலே வசதி. படகிலும் தொடர்வண்டியிலும் வருகிறவர்கள் அங்கேயே இறங்குகிறார்கள். டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வழியாகப் பணம் அனுப்பியதாக வாங்குகிறவர் காட்டும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்டை) நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பேனாவைக் கையில் கொடுங்கள்.

வடக்குக்கரை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பந்துமுனையும் பென்சிலும் பெட்டியோடு ஒரு விளம்பரம், 144 தனி, சோனட் அதன் பெட்டித்தாளோடு தனி என்று பிரித்துவிட்டேன். சோனட்டுக்கு இந்த இழையைப் படித்த தைப்பிங் அன்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். அவருக்கு விழாப் படத்தில் மேசைமேல் அந்தப் பெட்டி தெரியும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். 144-க்கு வெடிப்புள்ள பேனாக்களின் விற்ற விலைகள் போதிய அளவு கிடைக்காததால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீலக்கறுப்பு எழுதியது:

வெடிப்புள்ள 144-ஐப் பெரும்பாலும் நிப்புக்காகவும் உடலுக்காகவும்தான் வாங்குவார்கள், நல்ல மூடி ஒன்று ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும். ஆகவே தனி நிப்பு, தனி மூடி விற்ற விலைகளையும் சேர்த்துத் தேடுங்கள். முழுப் பேனாவிலிருந்து மூடியின் விலையைக் கழித்தால் உங்களுக்கு வேண்டிய எண் அருகில் வந்துவிடும்.